எண்ணூறு மீட்டரும் நான்கு ஏக்கரும்

(வடக்குப்பட்டில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.)



ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும் முதலில் நன்றி. நடுவில் கொட்டாவி விட்டால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி தூக்கத்தைப் பற்றித்தான்.

என்ன தலைப்பு என்று கேட்டபோது "பெண்கள் கல்லூரிகளில் தடகளம்" என்று சொன்னேன். தோழர் ஒருவர் போனிலேயே, "அதுல நம்ம அரசியல் எங்கம்மா வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதையே கேட்டுக்கொண்டுதான் நானும் நான்கு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் மூன்று வருடம், ஒரு பெண்கள் கல்லூரிக்காக ஓடினேன். எண்ணூறு மீட்டர். பெரிய ஆள் எல்லாம் இல்லை. டிவிஷன் மீட்டில் மூன்றாவதாக வந்ததுதான் என் சாதனை. அந்தச் சான்றிதழ் இப்போதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டா நகலுக்கு மேலே இருக்கிறது.

எண்ணூறு மீட்டர் என்பது டிராக்கில் இரண்டு சுற்று. நூறு மீட்டர் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஓட முடியாது. ஐந்தாயிரம் போல நிதானமாகவும் போக முடியாது. முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகமாகப் போனால் இரண்டாவது சுற்றில் தொடை கல்லாகிவிடும். பயந்து மெதுவாகப் போனால் முன்னால் போனவளைப் பிடிக்கவே முடியாது. முதல் சுற்று முடியும்போது மணி அடிப்பார்கள். ஓடியவர்களுக்குத் தெரியும், அந்த மணிச்சத்தம் இன்றுவரை என் வயிற்றைக் கலக்கும்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களை எண்ணூறு மீட்டர் ஓட விட்டார்கள். ஓடி முடித்த சிலர் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் படுத்தார்கள். எந்த எண்ணூறு மீட்டர் ஓட்டமும் அப்படித்தான் முடியும், ஆண்களும் படுப்பார்கள். ஆனால் பத்திரிகைகள் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று எழுதித் தள்ளின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவு கட்டி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி பெண்கள் ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டர் ஓடியது 1960-இல், ரோமில். முப்பத்திரண்டு வருடம்! அந்த முப்பத்திரண்டு வருடமும் நம் பாட்டிமார்கள் இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் உடம்பு தாங்குமா என்று யாரும் கவலைப்படவில்லை.

இதைச் சொன்னதும் சிலருக்கு ஒரு பெருமை வரும். "உழைக்கிற உடம்பு நம்ம உடம்பு. நம்ம பொண்ணுங்களுக்கு ஓட்டம் ரத்தத்துலயே இருக்கு." நம் மேடைகளிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. உழைப்பு ஒரு சாதியின் ரத்தத்திலும் படிப்பு இன்னொரு சாதியின் ரத்தத்திலும் இருக்கிறது என்பது யாருடைய தத்துவம் என்று நமக்குத் தெரியும். அதோடு, அது உண்மையும் இல்லை. காலையில் குடம் தூக்கி, பகலெல்லாம் களை பறித்து, இரவு பாத்திரம் கழுவுகிற பெண்ணின் உடம்பு பயிற்சி பெற்ற உடம்பாக ஆகிவிடாது, தேய்ந்துதான் போகும். பயிற்சி என்றால் என்ன? உடம்பைக் கொஞ்சம் சிதைப்பது, பிறகு சோறு போட்டுத் தூங்க வைப்பது. தூங்கும்போதுதான் தசை முன்பைவிடப் பலமாகக் கட்டும். சிதைப்பது மட்டும் நடந்து, சோறும் தூக்கமும் கிடைக்காவிட்டால் அதற்குப் பெயர் வேலை.

நான் எங்கே ஓடக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் என் ஊர். பள்ளிக்கூட மைதானம் ஊர்ப் பக்கம் இருந்தது, நாங்கள் காலனிப் பக்கம். பகலில் பி.டி. பீரியடில் அதில் ஓடலாம், அரசுப் பள்ளி அல்லவா, யாரும் தடுக்க முடியாது. சிக்கல், மணி அடித்த பிறகுதான். ஐந்து மணிக்கு மேல் அது ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். ஒரு நாள் நானும் என் தோழியும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தோம். யாரும் திட்டவில்லை, கல்லெடுத்து எறியவும் இல்லை. ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, ரொம்ப சாந்தமாக, "நீ யாரு பொண்ணும்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்பா பெயரைச் சொன்னேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வுக்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை.

ஏரிக்கரைக்குப் போனோம். ஒரு பனைமரத்திலிருந்து மதகு வரைக்கும் போய்வந்தால் நானூறு மீட்டர் என்று நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். பல வருடம் கழித்து அளந்து பார்த்தபோது அது ஐந்நூற்றுச் சொச்சம் இருந்தது. என் முதல் ஸ்டேட் மீட்டில் இரண்டாவது சுற்று சுலபமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

மைதானம் என்றால் நிலம். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு நிலம் என்று சொன்னால், 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தச் சுற்றுவட்டாரப் பறையர்களிடம் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதனால்தான் நிமிர முடியவில்லை என்பது அந்த அறிக்கையின் சாரம். அதன் பேரில் 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். அது யார் யார் கைக்குப் போனது என்று இந்தக் கூட்டத்துக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். விளைநிலத்துக்கே இந்த நிலை என்றால், விளையாட நிலம் கேட்பவளை எப்படிப் பார்ப்பார்கள்?

அந்த ஏரிக்கரையும் இப்போது இல்லை. கரை இருக்கிறது. பாதி தூரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது. பனைமரம் சுவருக்கு அந்தப் பக்கம்.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். பெண்கள் கல்லூரியின் தடகள அணி என்பது நம் மாதிரிக் குடும்பத்துப் பெண்ணுக்கு என்ன தருகிறது? மெடல் இரண்டாம் பட்சம். மூன்று வருடம் அவளுக்கு ஒரு மைதானம் கிடைக்கிறது, "நீ யாரு பொண்ணு" என்று கேட்காத மைதானம். ஹாஸ்டல் கிடைக்கிறது. காலை ஆறு மணிப் பயிற்சி முடிந்து வந்தால் குடம் தூக்க வேண்டாம், தம்பிக்குச் சோறு கட்ட வேண்டாம், படுக்கலாம். மூன்று வருடத்துக்குக் கல்யாணப் பேச்சை ஒத்திவைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பகலில் தூங்கியது கல்லூரியில்தான். தூங்கி எழுந்ததும் குற்ற உணர்ச்சியாக இருந்தது. யாரோ திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

இதற்குப் பெரிய உதாரணம் மதுரைக்காரர் ரேவதி வீரமணி. சக்கிமங்கலம். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். வளர்த்தது பாட்டி ஆரம்மாள், கூலி வேலை செய்து. பேத்திகளை வேலைக்கு அனுப்பு என்று அக்கம்பக்கம் சொன்னபோது அந்தப் பாட்டி மறுத்துவிட்டார். பயிற்சியாளர் கண்ணன் ரேவதியைப் பார்த்து, லேடி டோக் கல்லூரியில் கட்டணமில்லாமல் இடமும் ஹாஸ்டலும் வாங்கித் தந்தார். கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். 2016 தேசிய ஜூனியர் போட்டியிலும் வெறுங்கால்தான். அதே பெண் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

வெறுங்கால் கதையை எல்லாப் பத்திரிகையும் எழுதின. வெறுங்காலைப் பார்த்து நமக்கும் கண்ணீர் வருகிறது. எனக்கு அந்தக் கதையில் முக்கியமானது ஹாஸ்டல் அறை. பாட்டி ஒருத்தர் மறுத்தார், பயிற்சியாளர் ஒருத்தர் தேடி வந்தார், கல்லூரி ஒன்று கட்டில் கொடுத்தது. மூன்றும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் ஒன்றாகச் சேர்ந்தது தற்செயல். ஒன்று தவறியிருந்தால் ரேவதி என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. அப்படித் தவறியவர்கள் எத்தனை பேர் இந்தச் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள்!

கல்லூரியைப் புகழ்ந்துவிட்டேன். மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம், இது பல இடங்களில் நடப்பதுதான். விளையாட்டுக் கோட்டாவில் வந்தவர்களை எங்கள் வகுப்பில் "ஸ்போர்ட்ஸ் பார்ட்டி" என்பார்கள். முதல் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். மீட்டுக்குப் போய்வந்தால் ஓ.டி. கையெழுத்துக்காக ஒவ்வொரு துறையாக அலைய வேண்டும். ஓவரால் சாம்பியன்ஷிப் கோப்பை பிரின்சிபல் அறைக் கண்ணாடி அலமாரிக்குப் போகும். டிராக் சூட்டை வருடக் கடைசியில் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அரியர் வைத்தால் மட்டும் அது எங்களுடைய சொந்தச் சொத்து.

சாப்பாடு தனிக் கதை. ஹாஸ்டலில் வாரத்துக்கு இரண்டு முட்டை. பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, வாழைப்பழம் ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! எண்ணூறு மீட்டருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போக இரும்புச்சத்து வேண்டும். எங்கள் வீட்டில் இரும்புச்சத்துக்கு எது உண்டோ அது மாட்டுக்கறிதான். விலையும் கட்டுப்படியாகும். ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஆயா சுக்காவாக வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தது. ஹாஸ்டல் அறையில் திறந்ததும் பக்கத்துக் கட்டில் பெண், "என்னடி வாசனை, மட்டனா?" என்றாள். "ஆமா" என்றேன். மட்டன் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, உங்க ஆயா கைப்பக்குவமே தனி என்றாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆயாவிடம் டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் ஹீமோகுளோபின் குறைந்து, ஸ்டேட் மீட்டில் அறுநூறு மீட்டரிலேயே நின்றுவிட்டேன்.

"டிராக்கில் சாதி கிடையாது, ஸ்டாப்வாட்சுக்கு நீ யார் என்று தெரியாது" என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான். துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து கோடு தாண்டும்வரை அது உண்மைதான். அதனால்தான் எனக்கு அந்த இரண்டரை நிமிடம் அவ்வளவு பிடிக்கும். ஆனால் அந்த இரண்டரை நிமிடத்துக்கு முன்னால் பதினெட்டு வருடம் இருக்கிறது. கோட்டைத் தாண்டிய பிறகு மிச்ச வாழ்க்கை இருக்கிறது.

கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். நூறு வருடத்துக்கு முன்பு இந்தியாவின் மிகச் சிறந்த சுழற்பந்து வீச்சாளர். வெள்ளைக்காரர்களை வீழ்த்த இந்துக்களுக்கு அவருடைய கை வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே மண் குவளையில் டீ கொடுத்தார்கள். அவர் வீசிய பந்தை எல்லோரும்தான் தொட்டார்கள். நம்மூர் டீக்கடை ரெட்டைக் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது பாலுவைப் பெருமையாகக் கொண்டாடியவர். பிறகு 1937 தேர்தலில் பாலு அம்பேத்கருக்கு எதிராகவே நின்று தோற்றார் என்பது வேறு கதை, அதைப் பேசினால் விடிந்துவிடும்.

கோட்டைத் தாண்டிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள், தலித் குடும்பம். அவரும் எண்ணூறு மீட்டர்தான். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்று ஒன்று நடத்தி, தேறவில்லை என்று மெடலைப் பறித்தார்கள். அந்தச் செய்தியை அவர் தெரிந்துகொண்டது டிவியில். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய அந்தரங்கமான மருத்துவ விவரம், அவருக்குச் சொல்லப்படுவதற்கு முன்பு நாடு முழுக்க ஓடியது. அன்றைய முதல்வர் கலைஞர் அந்தச் சூழலிலும் அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் விளையாட்டு அமைப்புகள் கைகழுவின. 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பெற்றோர் வேலை செய்த அதே மாதிரிச் சூளை. பல வருடம் போராடிய பிறகுதான் தமிழ்நாட்டில் தடகளப் பயிற்சியாளராக நிரந்தர வேலை கிடைத்தது. மெடல் இன்னும் திரும்பவில்லை.

இதே கேள்வியை 2009-இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா மீது எழுப்பினார்கள். அவரும் எண்ணூறு மீட்டர். அவர் நாடு அவருக்காக எழுந்து நின்றது. மெடல் அவரிடமே இருந்தது. ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். பிற்பாடு விதியை மாற்றி அவரையும் எண்ணூறு மீட்டரிலிருந்து வெளியேற்றினார்கள். ஆனாலும் செமென்யாவுக்குக் கிடைத்த அந்தப் பத்து வருடம் சாந்திக்குக் கிடைக்கவில்லை. 2014-இல் ஒடிசாவின் துத்தி சந்தைத் தடை செய்தபோது அவர் விளையாட்டுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய் 2015-இல் அந்த விதியையே நிறுத்தி வைத்தார். வக்கீலும் பணமும் பக்கத்தில் நிற்க ஆட்களும் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது உதாரணம். சாந்திக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? நாம் நின்றோமா? நம் இயக்கங்களும் தாமதமாகத்தான் போனோம்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்தாக வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதி போட்டிருக்கிறது. நாளைக்கு இங்கிருந்து ஒரு பெண் அந்த உயரத்துக்குப் போனால் அவளுக்கும் இது வரும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அவளுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முடிவு யாருக்குப் போகும், யார் கண்ணில் படும் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஊக்கமருந்து விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019-இல் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் எண்ணூறு மீட்டர் தங்கம் வாங்கியபோது நானும் அழுதேன். தான் சாப்பிட வேண்டும் என்பதற்காக அப்பா மாட்டுத் தீவனத்தைச் சாப்பிட்டதைக் கோமதி சொன்னபோது தமிழ்நாடே அழுதது. பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. 2021-இல் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையை முறியடித்த தனலட்சுமியும் அடுத்த வருடம் சிக்கி மூன்று வருடத் தடை வாங்கினார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் வாதாடவில்லை. தடையின் முழுச் சுமையும் அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் விழுவதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அவள் உடம்பில் என்ன போகிறது, எந்த மாத்திரை, எந்தப் பவுடர் என்று படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர்கூட இல்லாமல்தான் பல கல்லூரி அணிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் அணிக்கு இருந்தது ஒரு முதலுதவிப் பெட்டியும் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயும்.

இன்னொன்று. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்லது, அது இன்னும் கூட வேண்டும். அதை யாரும் "தகுதி போச்சு" என்று சொல்வதில்லை, கைதட்டுகிறார்கள். அதே பெண் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வந்தால் மட்டும் தகுதி நினைவுக்கு வருகிறது. என்னிடமே ஒரு பேராசிரியர், "நீ ஸ்போர்ட்ஸ் கோட்டாதானே, நல்ல வேளை" என்று சொன்னார். எதற்கு நல்ல வேளை?

இப்போது இந்தச் சாலைக்கு வருகிறேன். ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். உலகத்தின் காரும் போனும் இங்கிருந்து போகின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியைத் திறந்தார்கள். அதை நான் குறை சொல்ல வரவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதி என்பது ஒரு பிரச்சினை என்றே பலருக்கும் தெரிந்தது. உட்கார்ந்ததால் கிடைத்தது அது. ஆனால் அந்த 18,720 பேர் யார்? பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுப் பெண்கள். ரேவதி கல்லூரியில் ஓடிய அதே வயது. தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். பள்ளியில் ஓடியவர்கள், கபடி ஆடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! என்னோடு ஏரிக்கரையில் ஓடிய தோழி, என்னைவிட வேகமானவள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்குத்தான் வந்தாள். அவள் அப்பாவுக்குக் கடன் இருந்தது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. இரண்டு வருடத்தில் முழங்காலில் வலி என்றாள். நான் மூன்றாவதாக வந்த மீட்டில் அவள் இருந்திருந்தால் நான் நான்காவது.

அரசு பெண்களுக்குச் செய்வதைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 2022-இலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். எனக்கு அது இருந்திருந்தால் ஸ்பைக்சை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்க மாட்டோம். என் கால் ஆறு, அந்த ஸ்பைக்ஸ் ஏழு, முன்பக்கம் பஞ்சு வைத்துக்கொள்வேன். ஆனால் காலை ஐந்தரைக்கு அந்த இலவச பஸ் எங்கே போய் இறக்கிவிடும்? ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு நடுவில் ஓட முடியாது.

இந்த ஊரில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள், மணிகள், ரோமானிய ஜாடி ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பல்லாயிரம் வருடமாக ஆட்கள் ஓடிப் பிழைத்த மண். அந்த மண்ணில் ஒரு பெண் ஓட எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எட்டு லேன் வைத்த நானூறு மீட்டர் டிராக்குக்கு நீளம் 177 மீட்டர், அகலம் 93 மீட்டர். நான்கு ஏக்கர் சொச்சம். சிந்தெடிக் வேண்டாம், மண் டிராக் போதும். இருநூறு மீட்டர் என்றால் அதைவிடக் குறைந்த இடத்தில் முடியும்.

பணம்? 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். தாங்கள் இயங்குகிற உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. எவற்றுக்குச் செலவழிக்கலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது. குடிநீர்த் தொட்டிக்கும் பள்ளிச் சுவரில் கார்ட்டூன் வரைவதற்கும் வருகிற பணம் இதற்கும் வரலாம். கேட்க வேண்டும், கேட்டதை எழுத்தில் வைக்க வேண்டும்.

நான் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த கிராமசபையில் வைக்கலாம். மூன்று விஷயம்தான் இருக்கிறது: புறம்போக்கில் நான்கு ஏக்கரைப் பெண்கள் விளையாட்டுத் திடலாக ஒதுக்குவது, அது காலனியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பது, காலை ஐந்து முதல் ஏழு வரை பெண்களுக்கு மட்டும் என்று பதிவு செய்வது. இரண்டாவதை எழுதாமல் விட்டால் திடல் எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். வார்டு உறுப்பினர் அக்கா முன்வரிசையில் இருக்கிறார், நகலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. நாளை ஞாயிற்றுக்கிழமை, நிறைய பேருக்கு ஷிப்ட் இல்லை என்றீர்கள். எந்த இடம் தோதுப்படும் என்று கூட்டம் முடிந்ததும் நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள். காலை ஐந்தரைக்கு நான் அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு வருகிறேன். ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை. சுடிதார் போதும், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். தூக்கம் வருகிறவர்கள் தூங்கட்டும், அவர்களை யாரும் எழுப்பாதீர்கள்.

ஜெய்பீம்.